கிணற்றுக்குப் போகிற தண்ணீர்

யாரும் தண்ணீர் ஊற்றாத குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

முத்துலட்சுமி அடுக்களையில் அதிரச மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். மதிய நேரம். ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கணவர் கனகராஜ் உஸ்மான் ரோட்டுப் பாத்திரக் கடையில் இருந்தார். தீபாவளி வியாபாரம், சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. மாவுக் கையோடு எழுந்துபோய்ப் பார்த்தாள். குழாய் இறுக மூடியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. சத்தம் மூலையில், தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் பித்தளை மூடிக்கு அடியிலிருந்து வந்தது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ நிதானமாகக் கொப்பளிக்கிற சத்தம். அது நின்றதும் ஒரு வாசனை எழுந்தது. சாக்கடை நாற்றமாக இருந்திருந்தால் அவள் நிம்மதியாகத் திரும்பியிருப்பாள். நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த தலைமுழுக்கு வாசனை அது.

அந்தக் குளியலறையே சம்பந்திக்காகக் கட்டியதுதான். மகள் சரோஜாதேவியை ஆவணியில் அடையாறில் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டில் மொசைக் தரை, வெள்ளை ஓடு பதித்த குளியலறை, தலைக்கு மேலிருந்து பூவாகக் கொட்டும் தண்ணீர். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இரண்டு நாள் தங்க வருகிறார்கள் என்றதும் கனகராஜுக்குத் தூக்கம் போய்விட்டது. கொல்லைக் கிணற்றடியில் வாளியோடு நின்று குளித்துப் பழகிய மனிதர், தன் வீட்டு ஓலைத் தடுப்பைச் சம்பந்தியம்மாள் பார்ப்பதை நினைத்தாலே கூசிப்போனார். மளமளவென்று வேலை நடந்தது. ஓடு வந்தது, குழாய் வந்தது. தெருச் சாக்கடையில் இணைக்க மனுப் போட வேண்டும் என்பது மட்டும் புரட்டாசி முடிகிறவரை அவர் நினைவுக்கு வரவில்லை. பிறகென்ன, உப்புக் கரிக்கிற கிணறு சும்மாதானே கிடக்கிறது என்று குளிக்கிற தண்ணீரை அதிலேயே விடச் சொல்லிவிட்டார். கிணற்றின் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடியாயிற்று.

மூடுகிற அன்று முத்துலட்சுமி, "அதுல போயா விடுவாக?" என்று கேட்டாள்.

"தீவாளி முடியட்டும், மாத்திக்கிடலாம்" என்றார். அவர் முகமும் சரியில்லை.

அந்தக் கிணற்றில்தான் தங்கம் போனாள். தங்கம், முத்துலட்சுமியின் அக்கா. கனகராஜின் முதல் மனைவி. சரோஜாவைப் பெற்றவள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு விடியற்காலை இருட்டில் தண்ணீர் இறைக்கப் போனவள், எண்ணெய்க் கையில் கயிறு வழுக்கி உள்ளே விழுந்துவிட்டாள். குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று தங்கையையே கட்டிவைத்தார்கள். முத்துலட்சுமி அந்தக் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. தனக்கென்று ஒன்று பிறக்காததைப் பற்றி ஒருநாளும் வருந்தியதில்லை. அக்கா படத்தைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டாள். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினாள். சரோஜாவுக்கு அவள்தான் அம்மா. இன்றுவரை வேறு சொல் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்ததில்லை. அது விழுந்துவிடுமோ என்கிற பயம் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை விட்டு நீங்கியதும் இல்லை.

ஆனாலும் அக்காவுக்குச் செய்வதை அவள் விட்டதில்லை. சுமங்கலியாகச் செத்தவளை நல்ல நாளுக்கு முன்னால் கூப்பிட்டு மரியாதை செய்யாவிட்டால் அந்த வீட்டில் எதுவும் துலங்காது என்பார்கள் அவர்கள் பக்கத்தில். எந்தத் தண்ணீரில் போனாளோ அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு, "அக்கா, வா" என்று அழைத்து உள்ளே கொண்டுவர வேண்டும். புதுச்சேலை, மஞ்சள், பூ, தலைக்கு எண்ணெய், சீயக்காய் எல்லாம் செம்பின் முன்னால் வைக்க வேண்டும். மறுநாள் அதே தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றி, "போயிட்டு வா" என்று அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் வந்தவள் இருந்துவிடுவாள்.

இந்த வருஷம் கிணற்றுக்குப் பலகை. பெண் பிள்ளையின் முதல் தீபாவளி, அதில் அக்காவைக் கூப்பிடாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் முத்துலட்சுமி ஒரு காரியம் செய்தாள். இந்தத் துவாரம் கிணற்றுக்குத்தானே போகிறது என்று நினைத்தாள். பித்தளை மூடியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டு, அழுக்குத் தண்ணீர் போகிற அந்த வாய்க்கு நேரே குனிந்து, "அக்கா, வா" என்றாள். உள்ளே அவள் குரல் நெடுநேரம் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் திரும்பி மேலே வந்தது. எதிரொலிதான். ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

இப்போது அந்த வாசனை அடித்ததும் அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். உடனே அனுப்பிவிட வேண்டும் என்று சாமான் அறைக்கு ஓடி, நேற்று அங்கே கொண்டு வைத்த செம்பை எடுத்துவந்தாள். துவாரத்தில் ஊற்றினாள். "போயிட்டு வாக்கா."

தண்ணீர் இறங்கவில்லை. வட்டமாக நின்றது. பிறகு, ஊற்றியதைவிடக் கூடுதலாக, மெல்லப் பொங்கி ஓட்டுத் தரையில் பரவியது.

வேலை செய்த, சின்னப்பையன் என்ற கொத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். அவன் கோட்டூர்புரம் ஆற்றோரத்திலிருந்து சைக்கிளில் மூங்கில் பிளாச்சைக் கட்டிக்கொண்டு, நனைந்தபடி, வெற்றிலை மென்றபடி வந்தான்.

"இன்னாம்மா, நான் போட்ட லைனு எப்டி அடைச்சிக்கும்? நீ சோத்தைக் கீத்தை கொட்டினியா?" என்று சிரித்துக்கொண்டே பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினான். எதிலோ மாட்டியது. இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். அந்தப் பக்கமும் யாரோ பிடித்துக்கொண்டு விளையாடுவதுபோல ஒரு தரம் விட்டுக்கொடுத்து ஒரு தரம் இழுத்தது. அவன் சிரிப்பு நின்றது. கடைசியில் சொத்தென்று வெளியே வந்து விழுந்தது.

முடி. ஒரு ஆள் உயரத்துக்கு முடி. சாக்கடையில் கிடந்த முடியாக இல்லை. கருகருவென்று, எண்ணெய் மினுங்க, சிக்கில்லாமல் இருந்தது.

"யப்பா! இம்மாம் நீட்டு முடி யாருக்கும்மா கீது உங்க வூட்ல?"

முத்துலட்சுமியின் கை தானாகத் தன் கொண்டையைத் தொட்டது. எலிவால் கொண்டை, பாதி நரை. சரோஜா கல்யாணத்துக்கு முன்பே தோளளவுக்கு வெட்டிக்கொண்டாள்.

"இந்தா, இப்ப ஜோரா போவுது பாரு" என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். சுழித்துக்கொண்டு போனது. அவளுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் தரை துடைத்தாற்போல இருப்பதைக் கவனித்தாள்.

"இங்க நின்ன தண்ணிய என்னப்பா செஞ்சே?"

"அதா? வாரி வாரி பின்கட்டு வாசப்படில ஊத்திட்டேன். ஏம்மா, இன்னா ஆச்சு?"

கிணற்றுக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர். நிலைப்படியில் ஊற்றியாயிற்று. வீட்டுக்குள்ளே. அவன் போன பிறகு பழந்துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். வராந்தாச் சிமெண்ட் எப்போதோ அதைக் குடித்துவிட்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் அடையாறு கார் வந்து நின்றது. சரோஜா ஓடிவந்து அவள் தோளில் தொங்கினாள். "யம்மா, நாளைக்கு நீதான் எனக்கு எண்ணெ வைக்கணும். அங்க அத்தை வச்சாங்க, உன் கை மாதிரி வரல." முத்துலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் தாங்கலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை ரகுபதி கூடத்தில் உட்கார்ந்து மாமனாரோடு வியாபாரம் பேசினார். சம்பந்தியம்மாள் ஜானகி முகம் கழுவிவருவதாகப் பின்பக்கம் போனாள். கனகராஜ் கண்ணாலேயே கூடப் போனார். வெள்ளை ஓட்டைப் பார்த்து அவள் என்ன சொல்வாளோ என்று.

ஜானகி கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் காய்ந்தே இருந்தது.

"உள்ள யாரோ குளிக்காங்க போல, மதினி. கதவத் தட்டினேன். இந்தா வாரேன்னாங்க."

முத்துலட்சுமி கூடத்தைப் பார்த்தாள். கணவர். மாப்பிள்ளை. சரோஜா. ஜானகி. தான்.

"உங்க கூடப் பிறந்தவங்களா? குரல் அப்படியே உங்க குரலா இருக்கு."

கனகராஜ் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "பக்கத்து வீட்டுப் பொம்பள. தண்ணி வரலைன்னா இங்க வரும்" என்று முத்துலட்சுமி சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு போய்ப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. பின்கட்டு நிலைப்படியிலிருந்து துவாரம்வரை ஈரக் காலடி. போன தடம் இல்லை, வந்த தடம் மட்டும்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் மண்டியிட்டாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "பெத்தது நீதான். நான் இல்லேங்கல. ஆனா பல்லு முளைச்சதும் காய்ச்சல் கண்டதும் என் மடியில. அவளுக்கு நான்தான் தெரியும். இதை எங்கிட்ட இருந்து எடுத்துராத. தீவாளி முடிஞ்சதும் பலகையப் பேத்துக் கிணத்தைத் துப்புரவாக்குதேன். உனக்குப் பட்டுச்சேலை எடுக்கேன். போயிரு, அக்கா."

கீழே கொப்பளிக்கும் சத்தம் நின்றது. அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

பித்தளை மூடியின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தாள்.

விடியலுக்கு முன்பே எழுந்தாள். மழை வலுத்திருந்தது, மின்சாரம் இல்லை. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றினாள். சம்பந்தியம்மாள் எழுவதற்குள் மகளுக்குத் தலைக்கு வைத்துவிட வேண்டும். ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் கிண்ணமுமாகச் சரோஜா படுத்திருந்த பாயருகே போனாள்.

பாய் காலி.

பின்கட்டில் குளியலறைக் கதவின் அடியில் அகல் விளக்கின் வெளிச்சக் கீற்று தெரிந்தது. கதவுக்கு வெளியே, சுவரோரமாக, அம்மிக்கல். யாரோ ஓசைப்படாமல் எடுத்து வைத்தாற்போல.

உள்ளே தட், தட் என்று உச்சந்தலையில் எண்ணெய் தட்டும் சத்தம். முத்துலட்சுமி அப்படித்தான் தட்டுவாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அக்கா.

"யம்மா, மெதுவா" என்றாள் உள்ளே சரோஜா, சிரித்துக்கொண்டே. "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

தட். தட்.

"எண்ணெய் என்ன வாசம்! எங்க வாங்கினேம்மா?"

முத்துலட்சுமி தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். நிறைந்திருந்தது. கதவைத் தள்ளினாள். உள்தாழ். கத்த வேண்டும். கத்தினால் ஜானகி எழுந்துவருவாள், மாப்பிள்ளை வருவார். உள்ளே இருப்பது யார் என்று கேட்பார்கள். யார் என்று சொல்வது?

"சரோஜா," என்று கதவில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள். "ஏட்டி சரோஜா. கதவத் திற."

தட்டுவது நின்றது.

"வெளிய யாரும்மா?"

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல். முத்துலட்சுமியின் குரல்தான். ஆனால் இளமையாக. தண்ணீருக்கு அடியிலிருந்து.

"உன் சித்தி."

முத்துலட்சுமி கதவில் காதை வைத்தாள். இல்லை என்று சொல்லிவிடு. பிள்ளையே, இல்லை என்று சொல்லிவிடு. எனக்குச் சித்தியே கிடையாது என்று சொல்லிவிடு.

"சித்தியா?" என்றாள் சரோஜா. யோசிக்கிறாற்போல இருந்தது. அப்புறம் குரல் மாறியது. தூக்கக் கலக்கமாக, திருப்தியாக. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு. "சித்தி, எண்ணெய அங்கயே வச்சிட்டுப் போங்க. அம்மா எடுத்துக்கிடுவாங்க."

தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. எண்ணெய் மினுங்கும் தண்ணீர் அவள் பாதங்களைத் தொட்டது. அதன் மேல் நீள நீளமாக முடி மிதந்து வந்தது.

கிண்ணத்தை வாங்கிக்கொள்ள ஒரு கை வெளியே வந்தது. நிற்கிறவர்கள் நீட்டுகிற உயரத்தில் வரவில்லை, உட்கார்ந்தவர்கள் நீட்டுகிற உயரத்திலும் வரவில்லை. மூலைத் துவாரத்தின் பக்கமிருந்து, தரையோடு தரையாக, கதவுவரைக்கும் நீண்டு வந்தது. மஞ்சள் பூசி, நீரில் ஊறி வெளுத்து, மணிக்கட்டில் அக்காவின் சிவப்புக் கண்ணாடி வளையல்களோடு.

விரல்கள் விரிந்தன. காத்திருந்தன.