மண்புழு எழுத்தும் வெளிர் மையும்

மழை விட்ட ஜூலைக் காலையில் தமாயே வந்து நின்றபோது, இசோபே வாசலில் குடையை விரித்து உலர வைத்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கப்பா எழுதினதான்னு நீங்கதான் சொல்லணும்," என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

எங்கள் ஏரிக்கரை ஊரின் தபால் நிலையத்தில், விலாசம் புரியாத கடிதங்களைப் பிரித்து அனுப்பும் வேலையை முப்பத்தோரு வருஷம் பார்த்தவர் இசோபே. அப்போதெல்லாம் ஊரில் பாதிப் பேர் தூரிகையால்தான் எழுதினார்கள். எழுத்தைப் பார்த்ததும் ஆள் கண்முன் வந்து நிற்பான். இப்போது எல்லாரும் அச்சடித்த மாதிரி எழுதுகிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சதுரங்கம் ஆட வந்திருந்த நாவிதர் தொமேகிச்சி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! கிஹெய் மேஸ்திரி எழுத்தேதான். மண்புழு நெளிஞ்ச மாதிரி வேற யாரு எழுதுவா?"

வாளியில் விலாங்கு மீன் நெளிந்தாலும், மழைக்கு மண்புழு நெளிந்தாலும், எவனாவது கோணல்மாணலாகக் கிறுக்கினாலும் எங்கள் ஊரில் 'நெளிநெளி' என்று ஒரே சொல்தான். அந்தச் சொல்லைச் சொன்னாலே படகு கட்டும் கிஹெயின் பெயரும் கூடவே வரும்.

கடிதம் சின்னது. 'தமாயே, வீட்டுக்கு வா. நான் செய்தது தப்பு. உன் புருஷனையும் கூட்டிக்கொண்டு வா.' மார்ச் இருபது என்று தேதி போட்டிருந்தது.

ஊர் ஊராக மருந்து விற்பவன் ஒருவனோடு பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போனவள் தமாயே. மே மாதம் கிஹெய் இறந்தபோதுதான் திரும்பி வந்தாள். அண்ணன் ரியோஜி அவளை வெளியாட்களோடு உட்கார வைத்தான். போன வாரம் சாமி மாடத்து இழுப்பறையில் இந்தக் கடிதம் கிடைத்தது.

"நானே எழுதி, சாவு அன்னிக்கு உள்ள வச்சுட்டேன்னு அண்ணன் சொல்றான். நாளைக்கு நாற்பத்தொன்பதாம் நாள், எலும்பை மண்ணுல வைக்கப் போறாங்க. அப்பா நிஜமாவே கூப்பிட்டிருந்தா நான் மகளா பக்கத்துல நிப்பேன். இல்லேன்னா இப்படியே ரயிலேறிடறேன்."

"அவர் எழுதின பழைய கடிதம் ஏதாவது இருக்கா, தங்கச்சி?"

பட்டு ஆலையில் பதினைந்து வயதில் வேலைக்கு இருந்தபோது வந்த ஏழு கடிதங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இசோபே ஒவ்வொன்றாக விரித்தார். புதிய கடிதத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"கை ஒண்ணுதான். ஒரு சுழி மாறலை. ஆனா பழசெல்லாம் கன்னங்கரேல்னு இருக்கு. இது மட்டும் சாம்பல் நிறம்."

தொமேகிச்சி தொடையில் தட்டினார். "சாவு வீட்டு மை! கண்ணீர் விழுந்து கரைஞ்ச மாதிரி இருக்கணும்னு மைக்கட்டியை நீர்க்க உரைப்போமே, அது! உயிரோட இருக்கறவங்களுக்கு அதுல எழுதினா உதைக்க மாட்டாங்களா?"

"அப்போ மார்ச்சுல எழுதினது இல்ல. சாவு அன்னிக்கு, அங்கே உரைச்சு வச்சிருந்த மையைத் தொட்டு அவசரத்துல எழுதினது."

தமாயேவின் முகம் வெளுத்தது. "அன்னிக்கு நானும் அங்கே இருந்தேனே."

"ஆமா, இருந்தே," என்றார் இசோபே. "வா, உங்க வீட்டுக்குப் போவோம்." தொமேகிச்சியும் கூடவே கிளம்பினார்.

ரியோஜி வாசலிலேயே சிரித்தான். "வக்கீலோட வந்திருக்கியா? பேஷ்!" அவர்களுடைய அம்மா யோனே தேநீரும், உப்பில் ஊறிய உமே காய்களும் வைத்தாள். மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

இசோபே ஒரு காயைச் சப்பிக் கண்ணை மூடினார். "பிரமாதம்! இந்த வருஷத்துக் காயா, அக்கா?"

"இல்ல, இது பழசு. புதுசு இன்னும் ஊறலை."

"பாக்கலாமா?" கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார். ஜாடிகள் வரிசையாக நின்றன. கடைசி ஜாடியைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார். மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் இந்த வருஷமும் மாதமும் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கடிதத்தை விரித்தார்.

"ரியோஜி, இந்த ஜாடி எப்போ போட்டது?"

"அதான் எழுதியிருக்கே, ஜூன்ல."

"அப்பா இறந்தது?"

"மே..." ரியோஜி குனிந்து மூடியிலிருந்த தேதியை மறுபடியும் படித்தான்.

"ஐயோ, ஆவியா வந்து எழுதினாரா?" என்று தொமேகிச்சி பின்னால் நகர்ந்தார்.

"ஆவியுமில்ல, பேயுமில்ல," என்றார் இசோபே. "கிஹெய் பேர்ல போன கடிதத்தையெல்லாம் முப்பத்தோரு வருஷம் பார்த்தேன். மேஸ்திரி எழுத்துன்னு நாம சிரிச்சதெல்லாம் மேஸ்திரி எழுதினதே இல்ல. யோனே அக்கா, இது உங்க கை."

யோனே மடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். "அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஊர்ச் சங்கத் தலைவர் இல்லையா, வெளியே சொல்ல விடலை. அவர் சொல்லுவார், நான் எழுதுவேன்."

"அப்போ அப்பா கூப்பிடவே இல்ல," என்றான் ரியோஜி. "அம்மா இரக்கப்பட்டு எழுதினது."

தமாயே எழுந்தாள்.

"உட்காருடி!" யோனேயின் குரல் உடைந்தது. "அவர் சொன்னார். நீ போன மறுவருஷத்துலேர்ந்து சொன்னார். எழுது, வரச் சொல்லி எழுதுன்னு. எங்கிட்டகூடச் சொல்லாம ஓடினவளுக்கு நான் எதுக்கு எழுதணும்னு எனக்கு ஆத்திரம். எழுதி அனுப்பிட்டேன்னு பொய் சொன்னேன். ஒவ்வொரு தடவையும். மார்ச்சுலதான் கடைசியா வாய்விட்டுச் சொன்னார். அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தின அப்புறம்தான் எனக்குக் கை வந்தது."

"இப்போ சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?" என்றான் ரியோஜி. அவன் குரலில் பழைய வேகம் இல்லை.

இசோபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பலாம். தினமும் காலையில கிஹெய் தபால் நிலைய வாசலுக்கு வருவார். 'எனக்கு ஏதாச்சும் இருக்கா?'ன்னு கேப்பார். இல்லைன்னா, 'நாளைக்கு வரும்'னு சிரிச்சுக்கிட்டே போவார். படகுக்குப் பலகை விக்கறவன்கிட்டேர்ந்து எதையோ எதிர்பாக்கறார்னு நினைச்சேன். பத்து வருஷத்துக்கு மேல அவர் காத்துக்கிட்டிருந்தது மகளோட பதிலுக்கு. எனக்கும் இன்னிக்குத்தான் புரியுது."

தமாயே அப்படியே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வராத கடிதத்துக்குப் பதில் போடாத பெண்ணாக அப்பா தன்னை நினைத்துக்கொண்டே செத்திருக்கிறார். அதைவிட வேறு என்ன வேண்டும் ஒருத்தியை அறுக்க?

ரியோஜி தலையைக் குனிந்தான். "நாளைக்கு அஸ்தியை நீயே தூக்கிட்டு வா," என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யோனே தரையைப் பார்த்தபடி, "நான் வீட்லயே இருந்துக்கறேன். அவர் முன்னாடி நிக்க எனக்கு மூஞ்சி இல்ல," என்றாள்.

"நீயும் வா. வந்து என் பக்கத்துல நில்லு," என்றாள் தமாயே. "உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. ஆனா அவர் என்னென்ன சொன்னாரோ, அவ்வளவையும் எனக்குச் சொல்ல உன்னை விட்டா ஆள் இல்ல."