பேர் சொல்லாமல் கூப்பிட்டவள்

கடலூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணம்மாள் இறங்கியபோது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய துண்டில் சுற்றிய நாடா. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த மரக்கட்டைதான். அவள் புருஷன் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருந்தது.

புருஷன் பேர் தனகோடி. நான் சொல்கிறேன், அவள் சொல்ல மாட்டாள். ஆரணியில் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலேயே மனதில் ஏறிவிட்டது. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும். "அம்மா, ஒரே ஒரு தடவ சொல்லேன், காதுல கேக்கறேன்" என்று மகள் காவ்யா சீண்டுவாள். "போடி அந்தாண்ட" என்பாள் இவள். இத்தனை பொத்திப் பொத்தி வைத்தும் ஆயுசு குறைந்துதான் போனது.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பட்டு நெய்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்க வந்தவர் அவர். கொடுத்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். "கிஷ்ணா, இவ்ளோ தூரம் வந்துட்டு கடலைப் பாக்காம வர்றதா? காலை நனைச்சிட்டு வந்துடறேன்." கால்தான் நனைத்தார். அலை ஆளையே கேட்டது. உடம்பு கிடைக்கவில்லை.

வெளியூரில் உயிர் போனவரை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர் தொழில் செய்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, உயிர் போன இடத்தில் நின்று, பெண்டாட்டி கூப்பிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வழியில் ஆறு வந்தால் சொல்லிக் கூட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் ஆவி ஆற்றங்கரையிலேயே நின்றுவிடும். காவ்யாவுக்குப் பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை. கிருஷ்ணம்மாள் தனியாகத்தான் வந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவள் எல்லாவற்றுக்கும் தனியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஆட்டோக்காரர் வாயாடி. "இத்த ஒரு ஊருன்னு நெனைக்காதீங்க. மஞ்சக்குப்பம் ஆபீசுக்காரங்க ஊரு, திருப்பாதிரிப்புலியூரு கோயிலு, கடத்தெரு, முதுநகரு ஹார்பரு, தேவனாம்பட்டினம் மீன்காரங்க ஊரு. நடுவுல எங்க பாத்தாலும் தண்ணி. வடக்கால பெண்ணையாறு, நடுவுல கெடிலம், கடலை ஒட்டி உப்பனாறு. மழை வந்தா எது ஆறு, எது தெருன்னு எங்களுக்கே தெரியாது."

கெடிலம் பாலத்தில் காற்று உப்பாக அடித்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"வெள்ளைக்காரன் இங்க கோட்டைய வாங்கறப்போ பீரங்கி வெச்சு சுட்டானாம். குண்டு எதுவரைக்கும் போய் வுழுந்துச்சோ, அதுவரைக்கும் அவன் ஊரு. அப்பறம் பிரெஞ்சுக்காரனும் இவனும் இதே கடல்ல கப்பலுக்குக் கப்பல் சுட்டுகினானுங்க. புயலு, சுனாமி, எல்லாம் பாத்தாச்சு. இந்தத் தண்ணிக்குள்ள எந்தெந்த தேசத்துக்காரன் கெடக்கறானோ, யாரு கண்டா?"

ஆரணியிலும் கோட்டை உண்டு, அகழி உண்டு. ஆனால் அங்கே செத்தவர்களுக்கு ஒரு இடம் இருந்தது.

தேவனாம்பட்டினம் கரையில் ஒரு ஆள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கிழிசலைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நூல் வேலை என்பதால் அவள் கண் தானாகவே அங்கே போனது. தடித்த முடிச்சு. ஒவ்வொன்றையும் இறுக்கிப் பல்லால் கடித்து இழுத்தார். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு பெண். கெங்கம்மாள் என்று பேர் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்புடு தாயி. இங்க கெடக்கறது ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல."

கிருஷ்ணம்மாள் தலையாட்டினாள். நாடாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். வாயைத் திறந்தாள். பேர் தொண்டை வரை வந்தது, நாக்கில் ஏறவில்லை. போன பிறகும் அந்தப் பேரைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏங்க," என்றாள். "வாங்க. நம்ம வூட்டுக்குப் போலாம்."

காற்று நின்றது.

கையிலிருந்த நாடா கனத்தது. முந்தானையின் நுனியை யாரோ பிடித்துக்கொண்டதுபோல் ஒரு பாரம். அவள் அழுதுகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கரையேறினாள்.

பஸ்ஸில் அவருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள். "பக்கத்து சீட்டு யாருக்கும்மா?" என்றார் கண்டக்டர். "எங்க வூட்டுக்காரருக்கு." கண்டக்டர் காலி சீட்டைப் பார்த்தார், அவள் மடியைப் பார்த்தார், பேசாமல் கிழித்துக் கொடுத்தார். பண்ருட்டியில் ஏறிய ஒருத்தி அந்த சீட்டில் உட்கார்ந்தவள் துள்ளி எழுந்தாள். "சே, யாரோ தண்ணி ஊத்திகிறாங்க!"

கெடிலத்திலேயே ஒரு தடவை சொல்லியிருந்தாள். பெண்ணையாறு வந்தது. "ஆறு வருதுங்க, தாண்டி வாங்க." செஞ்சி தாண்டுவதற்குள் ஒரு சின்ன ஆறு. "இது செஞ்சி ஆறுங்க, வாங்க." சேத்துப்பட்டு தாண்டி செய்யாறு. "இது கடைசி. இத்த தாண்டினா நம்ம ஊரு." ஒவ்வொரு தடவையும் மடியிலிருந்த நாடா லேசாகி மறுபடி கனத்தது. அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

அவர் பாதி நெய்த சேலை தறியிலேயே இருந்தது. அதன் மேல் நாடாவை வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஆள் இருந்தது. அவள் சோறு வடிக்கும்போது பேசினாள், கோலம் போடும்போது பேசினாள், "மழைக்கு சுவத்துல ஓதம் ஏறுது பாருங்க" என்று குறை சொன்னாள். தறி அறையில் உப்பு வாடை வீசியது. கடலிலிருந்து வந்த மனுஷன், வாடை இல்லாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கால் வைக்கும் தறிக்குழி எப்போதும் ஈரமாகவே இருந்தது. துடைத்துவிட்டாள். மறுபடி ஈரம். அதையும் சந்தோஷமாகவே துடைத்தாள், பாவம்.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி சேலையைப் பார்க்க வந்தாள். அவளும் நெசவுக்காரிதான். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"யாருக்கா இந்தப் பாவைத் தொட்டது?"

"ஏன்டி? அறுந்த எழை இருந்துது. அவரே சேத்துகிறாரு போல." கிருஷ்ணம்மாளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"இது நம்மாளு வேலை இல்லக்கா." ஆதிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "நாம முறுக்கிச் சேத்தா கண்ணுக்கே தெரியாது. இத்தப் பாரு."

தடித்த முடிச்சுகள். பொன்மஞ்சள் பட்டு இழைகளை நாலைந்தாகச் சேர்த்து, இறுக்கி, கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சின் மேலும் பல் பட்ட தடம்.

வலை.

ஆதிலட்சுமி ஜல்தியாகக் கிளம்பிப் போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த நேரத்தில் ஆரணியில் அந்தத் தெரு ஊமையாகிவிடும். கிருஷ்ணம்மாள் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே?"

முடிச்சு ஒன்றை விரலால் நெருடினாள்.

"பேசுங்களேன். பயமா கீது."

குழிக்குள்ளிருந்து கிளுக் கிளுக்கென்று சத்தம். படகின் அடியில் தண்ணீர் மோதும் சத்தம். அவள் கையை உள்ளே விட்டாள். துடைத்து வைத்த குழியில் முழங்கை வரை தண்ணீர்.

சில்லென்ற தண்ணீர்.

அதற்குள் ஒரு கை அவள் விரல்களைப் பிடித்தது.

மெதுவாகத்தான் பிடித்தது, ஆசையாகத்தான் பிடித்தது. ஆனால் அந்த உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. கயிறு அறுத்து, உப்பு ஊறி, காய்த்துப்போன கை. பட்டு நெய்கிறவர் கை அப்படி இருக்கவே முடியாது. விரலில் சின்னச் செதில் இருந்தாலும் இழை மாட்டி அறுந்துவிடும். அவர் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கை குழந்தை கன்னம் மாதிரி இருக்கும். முப்பது வருஷம் பிடித்த கை அவளுக்குத் தெரியாதா?

அவள் கையை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அப்படியென்றால் இத்தனை நாள் யாரிடம் பேசினாள்? யாருக்குக் காபி ஆற்றி வைத்தாள்? அதைவிடப் பெரிய பயம் பிறகுதான் வந்தது. அப்படியென்றால் அவர் எங்கே? அய்யோ, கரையிலேயே நிற்கிறாரே மனுஷன்!

மறுநாள் விடிந்ததும் நாடாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த அந்நியன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "தப்பு என்னுதுப்பா," என்று மடியைப் பார்த்துச் சொன்னாள். "நீ என்னா பண்ணுவ, கூப்ட்டாங்க, வந்துட்ட." செய்யாறு வந்தபோது "ஆறு வருது, தாண்டி வா" என்றாள். செஞ்சியில் சொன்னாள். பெண்ணையாற்றில் சொன்னாள். வந்த வழியெல்லாம் அவனுக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டே போனாள்.

கெங்கம்மாள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்றாள்.

"வந்துட்டியா தாயி? நீ போன அன்னிக்கு சாயங்காலம் இங்க ஒரு ஆளு நின்னுகினு இருந்தாரு. வெள்ள வேட்டி. ரோட்டையே பாத்துகினு. யாருன்னு கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

கெங்கம்மாள் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"'எங்க வூட்டுக்காரி வந்தா. வேற யாரையோ இட்டுனு பூட்டா'ன்னாரு."

கிருஷ்ணம்மாள் நேராகத் தண்ணீருக்குள் ஓடினாள். நாடாவை அலையில் முக்கி, "உங்க வூட்டுல உன்னைப் பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, அதுவரைக்கும் இரு சாமி" என்றாள். பாரம் விட்டது. அவிழ்ந்த மாதிரி இல்லை, பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்த மாதிரி இருந்தது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினாள்.

"தனகோடி!"

கரையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "தனகோடி! யோவ் தனகோடி! வாய்யா வூட்டுக்கு!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இவ்வளவு நல்ல பேரை இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தோமே என்று ஆத்திரமாகவும் வந்தது.

முழங்கையில் ஒரு கை பட்டது. வழுவழுப்பான கை.

திரும்பிப் பார்க்காமல் ஊர் வந்து சேர்ந்தாள். அடுத்த நாளே வலை முடிச்சுகள் அவிழ்ந்து, இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருந்தன. தறிக்குழி காய்ந்து கிடந்தது. அவள் தறியருகில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். யாரும் இல்லாத தறியில் ஒரு சின்ன அசைவு, ஒரு மெல்லிய தட்டல். அது போதும் அவளுக்கு.

இப்படியே கார்த்திகை முடிந்தது. ஒரு மத்தியானம். தெருவில் தறிகள் ஓய்ந்திருந்தன. வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

உப்பு வாடை வந்தது.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். சோர்ந்த, மரியாதையான குரல்.

"ஆறெல்லாம் தாண்டிட்டேம்மா."

கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து அவள் கால்விரல்களைத் தொட்டது. கதவிடுக்கில் இரண்டு ஈரப் பாதங்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. அதற்குப் பின்னால் பூட்ஸ் போட்ட கால்கள், சின்னக் கொலுசுக் கால்கள். தெரு முனை வரைக்கும் கால்கள்.

"வழி சொன்னது நீங்கதானே? இவங்களும் வரேன்னாங்க. யாரும் கூப்புடலம்மா இவங்கள."

உள்ளே தறியின் தட்டல் நின்றது.

கிருஷ்ணம்மாளுக்குப் பயம்தான், ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நெஞ்சை அடைத்தது. இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த மழைக்கால மத்தியானமெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது.

"உன் பேரு என்னாப்பா?" என்று கதவோடு வாயை வைத்துக் கேட்டாள். "சொல்லு. நான் கூப்புடறேன்."

தண்ணீர் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

"அதுதாம்மா ஞாபகம் இல்ல."

அவள் கதவைத் திறந்தாளா, இல்லையா என்று கேட்டால் ஆதிலட்சுமி வாயைத் திறக்க மாட்டாள். ஒன்று மட்டும் காட்டுவாள். கோடையிலும், அந்தத் தெருவில் எல்லா வாசலும் புழுதி பறக்கும்போதும், கிருஷ்ணம்மாள் வாசற்படி மட்டும் மத்தியானத்தில் ஈரமாக இருக்கும். சாயங்காலத்துக்குள் காயும். காய்ந்த இடத்தில் காலடி காலடியாக வெள்ளை உப்பு பூத்திருக்கும்.