பள்ளம் விழுந்த சுவர்

அடுப்புக்குப் பின்னால், மண்சுவரில், ஒரு பள்ளம். போன வாரம் விரல்நுனிதான் போனது; இப்போது உள்ளங்கையே உள்ளே போகிறது. எலி என்றால் தரையில் மண் சிந்தியிருக்கும். தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இல்லியாசுக்குச் சுரங்கக்காரர்கள் மேல்தான் சந்தேகம். யுரேனியம் எடுத்தது போகக் கொட்டிய கழிவை வீடு கட்டிக்கொள்ளச் சும்மா கொடுத்தவர்கள் அவர்கள். இப்போது கதிர்வீச்சை அளக்கிற, டிக் டிக் என்று அடிக்கும் பெட்டியோடு வந்து, சுவரைப் பார்த்தார்கள், ஆள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்கள். சாட்சியாக நிற்கும் சுவரைச் சுரண்டுகிறவன் வேறு யாராக இருப்பான்?

சுரங்க வாசல் காவல்காரன், கேலி முறைக்காரன் மூமுனியிடம் பழைய பெட்டி ஒன்று கேட்டான்.

"சுவத்துக்குக் காய்ச்சல் பாக்கப் போறியா? உங்க வம்சமே நெழல நம்பாத வம்சம்."

"நம்புன உங்க வம்சம் காவக்காரனாத்தானே நிக்குது."

மூமுனி சிரித்துக்கொண்டே கொடுத்தான். "அந்தக் கல்லு தன்னால உடையுதுப்பா. உடையறப்ப கண்ணுக்குத் தெரியாத துணுக்கத் துப்பும். வெளிய இருந்து வந்தா, அதுல பாதிய நம்ம தோலே தடுத்துரும். வாய்க்குள்ள மட்டும் போகக் கூடாது. உள்ள தடுக்க ஆளில்ல."

அகாதேஸ் நகரப் பக்கமிருந்து புழுதிக்காற்று எழுந்து, நண்பகலைச் செங்கல் நிறத்துக்கு இருட்டாக்கி, தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லியாசு கம்பு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினான். மழையே இல்லாத மாதத்தில் நனைந்த மண் வாசனை அடித்தது. பள்ளத்தைத் தொட்டான். ஈரம். வெதுவெதுப்பு.

காலடிச் சத்தம்.

கொலுசும்.

ரக்கியா. அவன் மனைவி. மூன்று பிள்ளைகள் தங்காத வயிற்றில் இது ஏழாம் மாதம். முட்டி போட்டாள். சுவரில் வாயை வைத்தாள்.

"ரக்கியா."

அவள் திடுக்கிடவில்லை. பற்களெல்லாம் மண்ணின் சிவப்பு.

"மாசமானவ மண்ணு திங்கிறது புதுசாங்க? எங்கம்மாவும் தின்னாங்க. சந்தைக் களிமண்ணு கசக்குது. இதுதான் இனிக்குது."

பெட்டியைச் சுவரில் வைத்தான். டிக். டிக். டிக்.

அவள் உதட்டருகே கொண்டுபோனான். வேகம் கூடியது.

வயிற்றில் வைத்தான். இடைவெளியே இல்லை. பெட்டி ஒரே அலறல்.

வயிறு புடைத்து, பெட்டியை முட்டியது.

இடப்பக்கம் நகர்த்தினான். புடைப்பும் நகர்ந்தது. வலப்பக்கம். அங்கேயும்.

"பசிக்குதாம்," என்றாள் ரக்கியா.

இழுத்து விறைத்த தோலுக்கு அடியில், குட்டியாக ஒரு வாய். திறந்தது. மூடியது. திறந்தது.