ரோசலின் வரைந்த வரையாடுகள்

சேரிங்கிராஸ் திருப்பத்தில் பேருந்து நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே ஒரு காட்டுமாடு, பக்கத்தில் அதன் கன்று. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். வண்டிக்குள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஊட்டியில் காலை வேளையில் இது வழக்கம்தான்.

"கன்னு போட்டு ரெண்டு நாள்கூட இருக்காதுபோல. கால் எப்படி நடுங்குது பாருங்க" என்றாள் முன்னிருக்கைப் பெண். காட்டுமாட்டின் பெருமூச்சு எல்லோருடைய காதிலும் பொருத்தியிருந்த ஒலிச்சில்லில் கேட்டது. பேருந்து முழுவதும் புன்னகைத்தது.

யாழ்நங்கையும் எட்டிப் பார்த்தாள், ஒற்றைக் கண்ணால். வலக்கண்ணில் கட்டு. போன வாரம் புண்ணாகி வீங்கியதால் மருத்துவர் அந்தக் கண்ணின் காட்சிவில்லையைக் கழற்றியிருந்தார். பள்ளியில் சேர்த்த அன்று பொருத்திய பிறகு அவள் ஒரு நாளும் கழற்றியதில்லை. அவள் மட்டுமா, ஊரில் யாருமே கழற்றுவதில்லை. பேருந்தின் நேரம், எதிரே வருபவரின் பெயர், கடைப் பலகை எல்லாமே அந்த லென்ஸில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்குகள். ஒவ்வொரு விலங்கின் கழுத்திலும் ஒரு பட்டை இருக்கிறது, அது நிற்கும் இடத்தை சேட்டிலைட் சொல்கிறது, மூடுபனியானாலும் புதர் மறைவானாலும் வில்லை அதைத் துல்லியமாகக் காட்டிவிடும். இது குழந்தைகளுக்கும் தெரிந்த பாடம். விலங்கு தென்பட்டால் விலகி நிற்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் நெருங்கக் கூடாது என்பது விலகல் சட்டம். அந்தச் சட்டம்தான் காட்டைக் காப்பாற்றியது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். யாழ்நங்கைக்கும் அந்தப் பெருமை உண்டு. அவள் கணவன் அதியன் வெள்ளைப்பாறை எல்லைச்சாவடியில் காவலன்.

அவளுடைய வேலை மலைக் கலைக்கூடத்தில். ஆண்டுதோறும் நடக்கும் கானுயிர் எண்ணெய் ஓவியப் போட்டிக்கு வரும் படங்கள் மனிதக் கையால் வரையப்பட்ட மூலங்களா என்று அவள் சோதித்துச் சான்று தர வேண்டும். இயந்திரங்கள் இப்போது எண்ணெய் வண்ணத்தையும் அடுக்கடுக்காக அச்சடிக்கின்றன. கை தீட்டியதை அதன் மேடுபள்ளம்தான் காட்டிக்கொடுக்கும். மேடுபள்ளம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். கொஞ்ச நேரம்தானே என்று அவள் கட்டைப் பிரித்தாள். வெளிச்சம் கூசியது, தண்ணீர் வழிந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு புலி, ஓர் இருவாச்சி, சேற்றில் புரளும் யானைகள். உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். எல்லாம் கை வேலைதான். அடுத்ததாக ரோசலினின் படத்தைத் தூக்கி நிறுத்தினாள்.

ரோசலின் போன ஆண்டு முதல் பரிசு வாங்கியவர். மற்றவர்களின் விலங்குகள் படத்துக்குள் உறைந்து நிற்கும், ரோசலினின் விலங்குகள் மூச்சுவிடும் என்று நடுவர்கள் வியந்தார்கள். இந்தப் படமும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைப்பாறைச் சரிவு. புல்லில் ஒரு வரையாட்டுக் கூட்டம். நடுவே நின்ற கிடாயின் காது லேசாக அசைவதுபோல்கூட இருந்தது. அதன் தோள்பட்டையைச் சோதிக்க யாழ்நங்கை வலக்கண்ணை உருப்பெருக்கியில் வைத்தாள்.

புல்தான் தெரிந்தது.

இடம் தவறிவிட்டது என்று நினைத்துக் கண்ணாடியை நகர்த்தினாள். புல். மேலே நகர்த்தினாள், பாறை. உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு இடக்கண்ணை மூடினாள். படச்சட்டத்துக்குள் ஒரு வெற்றுச் சரிவு இருந்தது. காற்றில் சாய்ந்த புல், வெளிறிய வானம், அவ்வளவுதான். வலக்கண்ணை மூடி இடக்கண்ணைத் திறந்தாள். கூட்டம் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு, சோதகர்கள் ஒருபோதும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். கிடாய் நின்ற இடத்தை வெறும் விரலால் தடவினாள். ஆட்டின் முதுகு விரலில் படவில்லை. சரிவாக இழுத்த புல்லின் கோடுகள்தான் பட்டன.

படத்தின் கீழ்மூலையில் இன்னொன்றும் இருந்தது. இடக்கண்ணுக்கு அங்கே குறிஞ்சிப் பூக்கள். வலக்கண்ணுக்கு ஒரு மண்டையோடு. பின்னோக்கி வளைந்த இரண்டு கொம்புகள், அவற்றின் மேல் பாசி.

படம் மாட்டும் இடத்தைப் பார்க்க வந்திருந்த ரோசலின் கூடத்தில்தான் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நகக்கண்களில் பச்சை வண்ணம். யாழ்நங்கை அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இந்தப் படத்துல நீங்க ஆடு வரைஞ்சீங்களா?"

ரோசலின் அவளுடைய சிவந்த வலக்கண்ணையே பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"உங்களுக்கு அந்தக் கண்ணுல வில்லை இல்லையா?"

"இல்லை. கேட்டதுக்குச் சொல்லுங்க."

"வரையலைம்மா. நான் ஆட்டைப் பாத்ததே இல்லை. எனக்கு ரெண்டு கண்ணுலயும் வில்லை கிடையாது."

சிறு வயதில் பொருத்தியபோது அவர் கண் ஏற்கவில்லை. பள்ளியில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து அவருடைய அம்மா வெளியே சொல்லவில்லை. "நடுரோட்டுல எல்லாரும் ஒதுங்குவாங்க. எதுக்குன்னு எனக்குப் புரியாது. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். மத்தவங்க ஒதுங்கினா நானும் ஒதுங்குவேன். அவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். இப்பவும் அப்படித்தான்."

"காட்டுக்குள்ள போனா இருக்கும். பட்டை போட்டிருக்காங்களே…"

"போனேன்ம்மா. சாவடிக்குத் தெரியாம பின்பக்கமா ஏறி, ஒரு கோடை முழுக்க அந்தப் பாறையில உக்காந்திருந்தேன். வரையாட்டைப் பாத்து வரையணும்னுதான் ஆசை. ஒண்ணும் வரலை. ஒரு புழுக்கைகூடக் கிடையாது. அந்தக் கொம்பு மட்டும்தான் கிடந்துச்சு. சரி, இருக்கிறதை வரைவோம்னு போன வருஷமும் இதையேதான் வரைஞ்சேன். யாராவது ஒருத்தர் வந்து 'ஏன் காலியா இருக்கு'ன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். படத்துல வெள்ளைப்பாறையைப் பாத்ததும் வில்லை தானா ஆட்டைச் சேத்து, கொம்பைப் பூவால மறைச்சுடுதுபோல; எல்லாரும் வந்து 'ஆடு உயிரோட இருக்கு'ன்னு கை குலுக்கினாங்க. பரிசு குடுத்தாங்க."

"ஏன் வாயத் திறந்து சொல்லலை?"

"யார்கிட்ட? கண்ணு முன்னாடி நிக்கிறதை இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா? இங்க வாங்க." ரோசலின் அவளைச் சன்னலருகே அழைத்துப் போனார். "இடக்கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

கீழே கலைக்கூடத்தின் புல்வெளி. காட்டுமாடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாழ்நங்கை இடக்கண்ணைப் பொத்தினாள். புல்வெளி வெறுமையாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக, விரலை உதட்டில் வைத்தபடி, ஒன்றுமே இல்லாத இடத்தை அகலமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சிறுமி அந்த வெறுமைக்குக் கை அசைத்தாள்.

யாழ்நங்கை சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எப்போது இறந்தன? கடைசியாக இறந்தது எது? வில்லைகளை நடத்தும் காட்சி மையத்தில் யாரோ ஒருவருக்கு அந்த நாள் தெரிந்திருக்கும். ஒரு பட்டையின் துடிப்பு நின்றிருக்கும். மக்கள் கலங்குவார்களே என்று காட்சியை மட்டும் நிறுத்தாமல் விட்டிருப்பார்கள். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது.

சான்றிதழில் 'மூல ஓவியம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நாளைய கண்காட்சித் திறப்புவிழாவில் இந்தப் படம் நுழைவாயிலில் இருக்கும், உள்ளே வருபவர்கள் ஒரு கண்ணின் வில்லையைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்படி நானே நின்று கேட்பேன் என்று ரோசலினிடம் சொன்னாள். ரோசலின் அழத் தொடங்கினார். ஆறுதல் சொல்லக்கூட யாழ்நங்கையால் நிற்க முடியவில்லை. நாளைக்கு ஊர் சொல்லி அதியன் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் வெள்ளைப்பாறைப் பேருந்தைப் பிடித்தாள்.

சாவடியில் அதியன் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன நங்கை, இந்த நேரத்துல? வா, வா. செவந்தி இன்னிக்கு வேலிகிட்டயே வந்து நிக்கிறா பாரு."

செவந்தி அவன் பெயரிட்ட பெட்டை வரையாடு. முன்னங்கால் ஊனம். அதற்கு மருத்துவரை அனுப்பச் சொல்லி அவன் மையத்துக்கு எத்தனையோ முறை கேட்டுவிட்டான். 'கவனத்தில் உள்ளது' என்ற பதில்தான் வரும். மழையடிக்கும் நாட்களில் வீட்டில் சோற்றின் முன் உட்கார்ந்து, "அது எங்க ஒண்டியிருக்கோ" என்பான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் கண்ணைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டான். பிறகு கோபம் வந்தது.

"என்ன பேசுற நீ? தினமும் பாக்குறவன் நான். குட்டி பொறந்ததைப் பாத்திருக்கேன்!"

"தொட்டிருக்கீங்களா?"

விலங்கை யாரும் தொடாமல் தடுப்பதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்.

அவள் பையிலிருந்து வில்லையை இளக்கும் கண்மருந்தை எடுத்தாள். அவன் வாங்கி இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டான். ஒரு கண் போதும் என்று அவள் சொல்வதற்குள் இரண்டு வில்லைகளையும் உரித்துத் தேநீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். கூசிய கண்களைப் பலமுறை சிமிட்டியபடி வேலிக்கு அப்பால் பார்த்தான். கம்பியைத் தூக்கிக் குனிந்து எல்லைக்குள் போனான். அத்தனை ஆண்டுகளில் அவன் அந்தக் கம்பியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"செவந்தி!" என்று கூப்பிட்டான். "ஏய், செவந்தி!"

யாழ்நங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடக்கண்ணில் மந்தை சிதறி ஓடியது. செவந்தி மட்டும் ஓடவில்லை. வலக்கண்ணில் அவள் கணவன் புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தான். மண்ணைக் கிள்ளி முகர்ந்தான், புழுக்கை வாடை தேடுபவனைப்போல. எழுந்து இந்தப் பக்கம் நடந்தான், பின் அந்தப் பக்கம். கடைசியில் மண்டியிட்டுக் கையை முன்னால் நீட்டினான்.

"நங்கை!" அவன் குரல் உடைந்திருந்தது. "உனக்குத் தெரியுதுல்ல? அந்தக் கண்ணுல தெரியுதுல்ல? எங்க நிக்கிறா, சொல்லு!"

அவள் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. இடக்கண்ணில் செவந்தி நொண்டியபடி இரண்டடி முன்னால் வந்து, அவன் விரல்களுக்கு அருகே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"வலப்பக்கம்" என்றாள் யாழ்நங்கை. "இன்னும் கொஞ்சம்… அங்கதான்."