கொஞ்சம் தள்ளி உட்காரு

அக்காவும் தங்கையும் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தது ஒரு மழை நாளில். தங்கை வேலை பார்க்கும் கடைக்குப் பக்கம், காற்றோட்டம் பரவாயில்லை, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. வேறு என்ன வேண்டும்? தங்கையின் அறையில் மட்டும், பிழியாமல் குவித்துப்போட்ட துணியின் வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தும் போகவில்லை.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. சில வருஷங்களுக்கு முன்னால் மனம் பேதலித்து, இல்லாத குரல்களெல்லாம் கேட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவள். குரல்கள் போய்விட்டன, மாத்திரை போகவில்லை. அது அவளை மதியம்வரை மந்தமாகவே வைத்திருந்தது. விரல்கள் மரத்து, லென்ஸின் ஓரம் அடிக்கடி உடைந்தது. "தூங்கி எழுந்துட்டு வாம்மா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பார்.

நிறுத்திவிடலாமா என்று அவள் கேட்டுக் கேட்டு, கடைசியில் டாக்டரம்மா இறங்கிவந்தார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்கலாம். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். முதலில் பாதி.

பாதியானதும் விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்டன. முதலாளியின் கிண்டலுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வாய் வந்தது.

ஒரு விடுமுறை மதியம், கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஈரமான மூச்சு.

"கொஞ்சம் தள்ளி உட்காரு."

திரும்பினாள். சுவர்தான்.

பழைய குரல்கள் அவளைப் பேர் சொல்லித் திட்டியவை. அவளுடைய ரகசியமெல்லாம் அறிந்தவை. இதற்கு அவள் யாரென்றே தெரியவில்லை. பஸ்ஸில் இடம் கேட்பதுபோல் கேட்டது.

அக்காவிடம் சொன்னாள்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்க்கா. இது அது மாதிரி இல்ல."

"அப்பவும் இதையேதான்டி சொன்ன."

"சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னாக்கூட மாத்திரை போட்டியான்னு கேக்குற! எனக்குக் கோவமே வரக் கூடாதா? நீயே வந்து உட்கார்ந்து பாரு."

அக்கா வந்து உட்கார்ந்தாள். வாடை அடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

டாக்டரம்மாவிடமும் மறைக்காமல் சொன்னாள். பழைய அளவுக்கே போகச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். வாரங்கள் ஓடின. மறுபடி காலைகள் மந்தமாயின, விரல்கள் மரத்தன, லென்ஸ் உடைந்தது.

குரல் மட்டும் துளியும் குறையவில்லை.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

இப்போது கெஞ்சியது.

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், கட்டிலில் இருந்தபடியே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"முழுசாப் போட்டும் கேக்குது டாக்டர். அப்புறம் எதுக்கு இது? கையும் போச்சு, வேலையும் போகப்போகுது. நான் நிறுத்திடறேன்."

"அவசரப்படாதீங்க. நாளைக்கு நேர்ல வாங்க, பேசி முடிவு பண்ணலாம். அதுவரைக்கும்..." டாக்டரம்மா தயங்கினார். "உங்க பக்கத்துல இருக்கறவங்களைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்களேன். நீங்க பேசறதே கேக்கல."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான்.

"உங்க அக்காவா?"

"அக்கா வீட்ல இல்ல டாக்டர்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க டாக்டர்?" கிசுகிசுத்தாள்.

"தள்ளி... தள்ளி உட்காரச் சொல்றாங்க."

எனக்கும் கேட்கிறது என்ற இந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பாள்! கிடைத்தபோது வேண்டாமென்றிருந்தது. வியாதியாகவே இருந்திருக்கக் கூடாதா? வியாதிக்காவது மாத்திரை இருக்கிறது.

"நிறுத்தல டாக்டர்," என்றாள். "இப்போதைக்கு நிறுத்த மாட்டேன். எது என்னோடது, எது இல்லைன்னு எனக்குத் தெரியணும்."

போனை வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

பக்கத்தில், மெத்தை மெல்ல அமுங்கியது.