இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிய நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு விழித்துக்கொண்டவள், படுக்கையறை ஜன்னலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ மங்கலாகப் படிந்திருப்பதைப் பார்த்தாள். வாயைக் கிட்டே வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி. எழுந்து போய் நைட்டியின் கையால் துடைத்தாள். போகவில்லை. ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தாள். அதற்கும் போகவில்லை. வெளிப்பக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, கதவுபோல் உள்பக்கமாகத் திறக்கும் அந்த ஜன்னலைத் திறந்து மறுமுகத்தையும் அழுத்தித் துடைத்தாள். திறந்திருந்த அரை நிமிடத்தில் மேம்பாலத்தின் இரைச்சல் மொத்தமும் அறைக்குள் வந்து கொட்டியது. மூடியதும் பட்டென்று அறுந்தது.

மங்கல் அப்படியே இருந்தது. சரியாக அவள் முகத்தின் உயரத்தில்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் வேலை. எப்போதும் இரவுப் பணிதான். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, கணவன் வேலைக்குக் கிளம்பியதும் படுத்தால், நாலு மணி வரை தூங்க வேண்டும். ஆனால் வீடு மூன்றாவது மாடியில், மேம்பாலத்துக்குச் சரிசமமாக இருந்தது. படுக்கையில் கிடந்தபடியே பஸ்ஸில் போகிறவர்களின் முகங்களைப் பார்க்கலாம். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வண்டியும் டக்-டக் என்று இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகும். காதில் பஞ்சு, தலைக்கு மேல் தலையணை, மூன்று மடிப்புத் திரைச்சீலை என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. எட்டு மாதமாக அவள் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

அப்படி ஒரு வாரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. எதிர்முனையில் பேச்சே இல்லை, வெறும் மூச்சு. இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக, விசிலடிக்கிற மாதிரி இழுத்து. "எங்க இருக்கீங்க, இடம் மட்டும் சொல்லுங்க" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, மூச்சுக்கு நடுவே ஒரு தெருவின் பெயர் வந்தது. மேற்குத் தெரு என்று அவள் பதிந்தாள். அது தெற்குத் தெரு. வண்டி மேற்குத் தெருவில் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த பதினொரு நிமிடமும் அந்த மூச்சு அவள் காதிலேயே இருந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கடைசியில் இரண்டு குட்டை மட்டும் வந்தன. அவள் காத்திருந்தாள்.

"லைன் சரியில்லைம்மா. யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்" என்றார் சூப்பர்வைசர். அந்தத் தெருப் பெயர் வந்த நொடியில் தன் கண் மூடியிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடமும்தான். வீட்டுக்கு வந்து, "ஜன்னலை மாத்தணுங்க. இந்த மாசமே" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் கண்ணாடிக்காரர் அவர்களை அவசரப்படுத்தவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், விரல் நுனியெல்லாம் பழைய வெட்டுத் தழும்பு. ஒரு மரப்பெட்டிக்குள் மின்சார மணியை அலறவிட்டு, வாய்ப்பக்கத்தில் ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகிக் காட்டினார். ஒற்றைக் கண்ணாடிக்கு மணி கொஞ்சம் தணிந்தது. இரட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல் ஆனது.

"ரெண்டும் ஒரே கனமா இருந்தா ஒரே சத்தத்துக்கு ரெண்டும் சேர்ந்து ஆடும்மா. அதனால உள்ள ஆறு எம்.எம்., வெளிய பத்து எம்.எம். போடுவோம். உள்ள இருக்கறதுலயும் நடுவுல ஒரு பிலிம் வரும். ரெண்டுக்கும் இடையில காத்தை எடுத்துட்டு கேஸ் அடைச்சு சீல் பண்ணிடுவாங்க. வெயில் சூடும் வராது, சத்தமும் வராது."

"எதுவுமே வராதா?"

"ஊசி போற சந்து இருந்தாலும் சத்தம் வந்துடும். இதுல சந்தே கிடையாது. எறும்பு மூச்சு விட்டாக்கூட உள்ள போகாது."

"அப்ப இனிமே நான் உன்னைத் திட்டினா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது" என்றான் கணவன்.

"நான் உங்களைத் திட்டறதுன்னு சொல்லுங்க."

கண்ணாடிக்காரர்கூடச் சிரித்தார்.

முதல் மூன்று நாள் அவள் செத்த பிணம்போல் தூங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஸ்களும் லாரிகளும் மீன்தொட்டிக்குள் நகர்வதுபோல் ஓசையில்லாமல் நகர்ந்தன. அறையில் தலையணை உறையின் சோப்பு வாசனையும், புது ரப்பரின் லேசான காரமும் மட்டும் இருந்தன. நான்காம் நாள்தான் அந்த மங்கல்.

சாயங்காலம் கணவன் குனிந்து பார்த்தான். "ரெண்டுக்கும் நடுவுல ஈரம் போயிருக்கு. சீல் சரியா ஒட்டலை போல. அவரைக் கூப்பிடு. அவர் தலைவலி அது."

மறுநாள் பத்து மணிக்கே கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். நகத்தால் தட்டிப் பார்த்தார். விளிம்பெல்லாம் விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கண்ணாடிக்கு அருகே பற்றவைத்தார்.

"இங்க பாருங்கம்மா, நாலு சுடர் தெரியுதா? நம்ம பக்கத்துலேர்ந்து எண்ணுங்க. உள் கண்ணாடிக்கு ரெண்டு முகம், வெளிக் கண்ணாடிக்கு ரெண்டு முகம். ஈரம் எந்த முகத்துல இருக்கோ அங்க சுடர் மங்கும்."

நான்கு சிறு சுடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூன்றாவது மங்கலாக இருந்தது. வெளிக் கண்ணாடியின் உள்முகம். அவர் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினார்.

லைட்டர் அவர் கையில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. மற்ற மூன்று சுடர்களும் நேராக நின்றன. மூன்றாவது மட்டும் ஆடியது. சட்டென்று சாய்ந்து நிமிர்ந்தது. இன்னொரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. அப்புறம் நீளமாகச் சாய்ந்து, அப்படியே கிடந்து, மெல்ல எழுந்தது.

அவர் லைட்டரை அணைத்தார்.

"என்னண்ணே அது?"

"சீல் போயிருக்கும்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பையை எடுத்துக்கொண்டார். "நாளன்னைக்கு வேற கண்ணாடி கொண்டாந்து மாத்திடறேன்." வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "அதுவரைக்கும் வேற ரூம்ல படுங்க. எதுக்கும்."

அன்று அவள் ஹாலில் சோபாவில் படுத்தாள். ஹாலின் ஜன்னல்களும் அதே கண்ணாடிதான், அங்கும் அதே அமைதிதான். தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். தன் தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் ஓசை இத்தனை பெரிதாக இருக்குமென்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஃப்ரிட்ஜின் ரீங்காரம் நின்றதும் கடிகாரம் கேட்டது. கடிகாரத்துக்குப் பின்னால் தன் ரத்த ஓட்டம் கேட்டது. அதற்கும் பின்னால் ஏதாவது கேட்டுவிடுமோ என்று எழுந்து டிவியைப் போட்டுவிட்டு, அதையும் பார்க்காமல், படுக்கையறைக் கதவையே பார்த்தபடி நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். வேலையில் அன்று யாரும் மூச்சுத்திணறி அழைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முகவரியையும் மூன்று முறை கேட்டாள்.

மறுநாள் காலை, மாற்று உடுப்பு எடுக்கப் படுக்கையறைக்குப் போக வேண்டியிருந்தது. கணவன் கிளம்பிவிட்டிருந்தான். பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு திரும்பியவள், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

மங்கல் பெரிதாகியிருந்தது. நேற்றைவிடக் கிட்டே வந்ததுபோல் பட்டது. சமையலறையிலிருந்து தீப்பெட்டி எடுத்துவந்து, நாலு குச்சியை வீணாக்கி, ஐந்தாவதைப் பற்றவைத்தாள். மூன்றாவது சுடர் தெளிவாக இருந்தது. இப்போது இரண்டாவது மங்கியிருந்தது. வெளிக் கண்ணாடியை விட்டு உள் கண்ணாடிக்கு வந்துவிட்டது. நடுவில் காற்றுகூட இல்லை என்று அவர் சொன்ன இடத்தை அது கடந்திருக்கிறது.

குச்சி விரலைச் சுட்டது. உதறினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கல் சுருங்கியது. விரிந்தது. சுருங்கி விரிந்தது. பிறகு மெதுவாக, விளிம்பு விளிம்பாக, ஒரு தட்டின் அகலத்துக்கு விரிந்துகொண்டே போனது.

தன்னுடைய மூச்சுதான் என்று நினைத்துப் பார்த்தாள். கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். முப்பதுவரை எண்ணினாள்.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

அதை அவளுக்குத் தெரியும். பதினொரு நிமிடம் தெரியும்.

"நான் வேணும்னு பண்ணலை" என்றாள். கண்ணாடியிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. "தூங்கிட்டேன். ஒரே ஒரு செகண்ட்."

மங்கல் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நின்றது.

அவள் கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒற்றை விரலால் தொட்டாள். விரல் ஈரமானது. கண்ணாடியில் விரல் இழுத்த கோடு தெளிவாக நின்றது. கோட்டின் நுனியிலிருந்து ஒரு துளி வழிந்து, ஜன்னல் சட்டத்தின் மேல், அறைக்குள், சொட்டியது.

ஹாலுக்கு ஓடிவந்துதான் போனை எடுத்தாள்.

"வீட்டுக்கு வாங்க."

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"பயமா இருக்கு. வாங்க. இப்பவே."

"வண்டியை எடுத்துட்டேன். ஜன்னலெல்லாம் திறந்து வச்சுக்க. சத்தம் வந்தா தைரியமா இருக்கும். இருபது நிமிஷம்."

சத்தம் என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் தாகம்போல் இருந்தது. இரைச்சல் வேண்டும். ஹார்ன், டயர், டக்-டக், யாராவது யாரையாவது திட்டுவது. எட்டு மாதம் சபித்த அத்தனையும் வேண்டும். ஹால் ஜன்னலின் கைப்பிடியைத் திருகி, இரண்டு கதவுகளையும் சுவரோடு சுவராகத் திறந்தாள்.

வெயில் முகத்தில் அடித்தது. டீசல் வாடை வந்தது. காற்று தலைமுடியைக் கலைத்தது. பாலத்தில் ஒரு லாரி இணைப்பில் ஏறிக் குலுங்கி இறங்கியது.

சத்தம் இல்லை.

அடுத்து ஒரு பஸ். அதன்பின் மூன்று பைக்குகள். எதற்கும் சத்தம் இல்லை. அவள் கைதட்டினாள். உள்ளங்கைகள் எரிந்தன. கேட்கவில்லை. கணவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை வலித்தது.

கேட்கவில்லை.

அவள் ஜன்னலை விட்டு நகராமலே இருபது நிமிடம் போயிற்று; கீழே தெருவில் அவன் வண்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினான். நிமிர்ந்தான். கை அசைக்கத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவன் வாய் திறந்தது. திறந்து திறந்து மூடியது. விரலை நீட்டினான்.

அவளைக் காட்டவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தைக் காட்டினான்.

பாலத்தில் ஒரு பஸ் வேகம் குறைந்து நின்றது. ஜன்னலோரத்தில் இருந்த பெண்மணி இவள் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த ஆள் எழுந்து நின்றார். ஒவ்வொரு ஜன்னலாக முகங்கள் வந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் சற்று மேலே பார்த்தார்கள்.

திரும்பக் கூடாது.

திரும்பக் கூடாது.

கீழே அவன் ஓடத் தொடங்கியவன் நின்றுவிட்டான். நீட்டிய விரல் இறங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் எல்லாக் கண்களும் அதோடு சேர்ந்து இறங்கின. மெதுவாக. ஏதோ ஒன்று குனிவதைப் பார்ப்பதுபோல் மெதுவாக. அவள் உச்சிக்கு இறங்கின. நெற்றிக்கு இறங்கின.

அவள் காதுக்கு நேரே வந்து நின்றன.