முடிச்சு போடாத சுருள்

புட்டில் பழத்தைப் பிசைந்து முதல் உருண்டையை வாயருகே கொண்டு போனபோதுதான் சுபிதாவுக்கு அந்த நாற்றம் தட்டியது. தேங்காய்ப்பூ வாசனைக்கும் பழ வாசனைக்கும் அடியில், மெல்லியதாக, ஈரமாக. மழைநாளில் நாலு நாள் மூடிக் கிடந்த மீன்கூடையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதைப் போல. ஆனால் மீன் இல்லை. மீன் நாற்றத்தில் உப்பு இருக்கும். இதில் ஒரு தித்திப்பு இருந்தது.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்பு. திரும்பவும் சோப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் செய்வதைப் போல முழங்கை வரை பிரஷ் போட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். நகக்கண்ணில் இருந்தது.

"என்னட்டி, புட்டு கெட்டுப்போச்சா?" விடுதி அறையில் அவளோடு தங்கியிருக்கும் மயக்க மருந்து டாக்டர் ஷைஜா, அவள் தட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். "நல்லாத்தானே இருக்கு. ஏட்டி, ஒனக்கு மசக்கையா?"

"என் கையை மோந்து பாரு."

ஷைஜா முகர்ந்தாள். "சோப்பு மணம்தான் வருது. ஞாயித்துக்கெழமையும் ஆஸ்பத்திரியத் தூக்கித் தலையில வச்சிட்டு இரி."

சுபிதா சிரிக்கவில்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். கடியப்பட்டணத்தில், கிரேசி என்ற மீன்காரியின் உடம்புக்குள்ளிருந்து வருகிறது. இவ்வளவு தூரம் எப்படி வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்த கையோடு சுபிதா சேர்ந்திருப்பது ஒரு ஃபெலோஷிப். கர்ப்பப்பை இறங்கி வெளியே தொங்குகிற பெண்கள், இருமினாலும் சிரித்தாலும் சேலையை நனைத்துக்கொள்கிற பெண்கள், பிரசவத்தில் கிழிந்து அப்படியே விடப்பட்ட பெண்கள். இடுப்புக்கு அடியில் தளர்ந்துபோனதையெல்லாம் இழுத்துக் கட்டித் தைத்து நிமிர்த்துகிற படிப்பு. அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒரே இடம்தான். கற்றுக்கொடுப்பவர் டாக்டர் நந்தனா. முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார்: "மூக்கைச் சுளிக்கிறவ என் ரூமுக்குள்ள வரக்கூடாது. வருஷக்கணக்கா யார்ட்டயும் சொல்லாம கசிஞ்சிட்டு இருந்தவ, உன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டுதான் மேசையில படுப்பா."

சுபிதா சுளித்ததில்லை. சீழைப் பார்த்தும், புழு வைத்த புண்ணைப் பார்த்தும் அவள் மூக்கு அசைந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கிரேசி முதல்முதலில் வந்தபோது இறங்கின உறுப்பை உள்ளே தள்ளி, பழைய சேலைத் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்படியேதான் தலையில் துணிச் சும்மாடும் அதன்மேல் கூடையுமாக ஊர் ஊராக நடந்து மீன் விற்றிருக்கிறாள். முதலில் உள்ளே பொருந்துகிற ரப்பர் வளையம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். கிரேசி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். "இது சும்மாடுல்லா டாக்டரே! மேல ஒரு சும்மாடு, கீழ ஒரு சும்மாடு. நடுவுல நான் ஒருத்தி." வளையம் நிற்கவில்லை. ஆபரேஷன் என்று முடிவானது. சுபிதா தன் கையால் முழுதாகச் செய்த முதல் ஆபரேஷன்.

நன்றாகவே செய்தாள். கடைசியில் ரத்தக் கசிவு நிற்பதற்காக உள்ளே நீளத் துணிச் சுருளை மடித்து மடித்து அடைக்க வேண்டும். மறுநாள் காலையில் உருவிவிட வேண்டும். ஒரு சுருள் போதாமல் இரண்டாவதை வைத்தால், முதல் சுருளின் நுனியையும் இரண்டாவதன் நுனியையும் சேர்த்து முடிச்சு போட்டே ஆக வேண்டும். வெளியே தொங்குவது ஒரே வால்தான். முடிச்சு இருந்தால், அந்த வாலைப் பிடித்து இழுத்ததும் இரண்டும் வந்துவிடும். இல்லையென்றால் ஒன்று உள்ளேயே கிடக்கும்.

இரண்டாவது சுருள் தேவைப்பட்டது. அதை அவள் கையில் எடுத்த நேரத்தில்தான் நந்தனா மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்லா பண்ணின சுபி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் யாரையும் அப்படிச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"முடிச்சு போட்டாச்சா டாக்டரே?" என்று நர்ஸ் பிரீனா கேட்டாள்.

சுபிதாவின் தலை ஆமென்று ஆடியது. காதுக்குள் அந்த 'நல்லா பண்ணின' மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வாலைப் பிடித்து உருவினாள். சுலபமாக வந்தது. வாளியில் போட்டாள். முடிச்சு வந்ததா என்று பார்க்கவில்லை. கிரேசி வீட்டுக்குப் போய்ச் சில நாள் கழித்துப் போன் பண்ணினாள். "டாக்டரே, ஒரு மாதிரி நாத்தமாட்டு வருது. மருமவ சொல்ல மாட்டா, ஆனா ஜன்னலத் தொறந்து தொறந்து போடுதா."

"தையல் கரையற நேரத்துல அப்படித்தான் இருக்கும்மா," என்றாள் சுபிதா. போனை வைத்த பிறகுதான் அன்று வாளியில் விழுந்தது கண்ணுக்குள் வந்தது. ஒரே சுருள். முடிச்சு வரவில்லை.

மேடத்திடம் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. கிரேசியை வரவழைத்து, எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் போன வருடப் பெண்ணை மேடம் பாதியில் அனுப்பியது சுபிதாவுக்குத் தெரியும். அவள் செய்தது இதைவிடச் சின்னத் தப்பு. ஆகவே சொல்லவில்லை. மறுபடி போன் போட்டு மாத்திரை மட்டும் சொன்னாள். உள்ளே அழுகும் துணி காய்ச்சலைக் கொண்டுவரும், அந்தக் காய்ச்சல் ரத்தத்தில் ஏறினால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள்தான்.

நேற்று மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமை வெளியூர்ல இருந்து டாக்டர்ஸ் வராங்க. கிரேசிய வரச் சொல்லு. உன் கேஸை அவங்களுக்கு நானே செக் பண்ணிக் காட்டறேன்."

நாளைக்குத் திங்கட்கிழமை.

சாயங்காலம் மழை விட்ட இடைவெளியில் சுபிதா ஸ்கூட்டரை எடுத்தாள். பையில் கையுறை, நீளமான இடுக்கி, விரித்துப் பார்க்கும் கருவி, கறுப்பு பிளாஸ்டிக் பை. யாரிடமும் சொல்லவில்லை. கடற்கரைச் சாலையில் இறங்கியதும் காற்று முகத்தில் உப்பை அப்பியது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் காற்றில் எந்த நாற்றமும் நிற்காது. முட்டத்துக் கலங்கரை விளக்கின் வெளிச்சம் தூரத்தில் ஒருமுறை சுற்றிப் போனது. உப்புக்கு அடியில் அந்தத் தித்திப்பு ஏறி வந்தது.

வாசலிலேயே மருமகள் லிஜா நின்றிருந்தாள். வீட்டில் கரண்ட் இல்லை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. மாதா படத்துக்கு முன்னால் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொத்தோடு கொளுத்தி வைத்திருந்தாள். அந்தப் புகையையும் மீறி வந்தது. தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"ஞாயித்துக்கெழமையும் டூட்டியா டாக்டரே? உள்ள வாங்க. மாமிக்கு ரெண்டு நாளா நல்ல காச்சல். கேட்டா கொள்ளாம், ஒண்ணும் இல்லன்னு சொல்லும். நாகர்கோவிலுக்குக் கொண்டு போன்னு எனக்க மாப்பிள போன்ல கெடந்து விளிக்காரு. எனக்க டாக்டரு பாத்தா போதும்னு மாமி ஒத்தக் கால்ல நிக்குது."

"நாகர்கோவில் எதுக்கு? நான் பாத்துக்கறேன்," என்றாள் சுபிதா. "யாரும் உள்ள வர வேண்டாம். கிருமி ஏறிடும்."

உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கட்டிலில் கிரேசி மல்லாந்து கிடந்தாள். அரை இருட்டில் முகம் எண்ணெய் தடவினதைப் போலப் பளபளத்தது. "வந்தியளா மக்ளே. நான் நெனச்சேன், வருவியன்னு."

"சின்னதா ஒரு தையல் பிரிஞ்சிருக்கும்மா. எடுத்துட்டா சரியாயிடும்."

"எடுங்க. ஒங்க கையில எனக்குப் பேடியோ பயமோ கெடையாது."

சுபிதா செல்போன் டார்ச்சைத் தலையணையில் சாய்த்து வைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நாற்றம் இப்போது நாற்றமாக இல்லை. ஒரு பொருளாக, எச்சிலாக, நாக்கின் மேல் படிந்தது. அவள் மூக்கு சுளித்தது. வாழ்க்கையில் முதல் தடவை. கிரேசி பார்த்துவிட்டாளோ என்று நிமிர்ந்தாள். கிரேசி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்தது. சாம்பலும் பச்சையுமாக, கொழகொழவென்று, துணியின் ஒரு மடிப்பு. இடுக்கியால் பிடித்தாள். இழுத்தாள். வந்தது. கண்ணில் நீர் கட்டியது. அப்பாடா. முடிந்தது. பிளாஸ்டிக் பைக்குள் சொதசொதவென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

"கரையில நின்னு கரமடி வல இழுக்கது மாதிரி இருக்கு டாக்டரே," என்றாள் கிரேசி. "மடி வரதுக்கு முன்ன கயிறு வரும் பாத்தியளா. கயிறு வரும், வரும், வந்துட்டே இருக்கும்."

"பேசாம படுங்கம்மா."

வந்துகொண்டே இருந்தது. ஒரு சுருளின் நீளம் அவளுக்குத் தெரியும். கையால் அளந்து பழகினவள். அது முடிந்திருக்க வேண்டும். பை பாதி நிறைந்துவிட்டது. இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே இழுத்தாள். வலது கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். துணி கறுத்துக்கொண்டே வந்தது. முதலில் உடம்புச் சூடு இருந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு அதுவும் இல்லை. மடிப்புகளுக்குள் மணல் நறநறத்தது.

விரலில் ஏதோ இடறியது.

முடிச்சு.

டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இரண்டு சுற்று, ஒரு மடக்கு, கடைசியில் இடப்பக்கம் ஒரு இழுப்பு. அவள் கை போடுகிற முடிச்சு. அன்றைக்கு அவள் போடாத முடிச்சு. இறுக்கமாக, அழகாக, மேடம் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

அதற்குப் பின்னால் இன்னொரு சுருள்.

அதன் நுனியில் இன்னொரு முடிச்சு.

"அம்மா," என்றாள் சுபிதா. "வலிக்குதாம்மா?"

கிரேசி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரேசிம்மா?"

இடது கையால் கிரேசியின் மணிக்கட்டைத் தொட்டாள். நாடி இல்லை. விரலை மாற்றி வைத்தாள். கழுத்தில் வைத்தாள். இல்லை. கை ஐஸ் பெட்டி மீனைப் போலக் குளிர்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. தோளோடு சேர்ந்து கட்டையாக எழும்பியது. இது இப்போது போன உயிர் இல்லை. டாக்டருக்குத் தெரியும். காலையிலேயே போயிருக்க வேண்டும். காலை. புட்டு வேளை.

அப்படியானால் சற்றுமுன் பேசியது...

விடு. போட்டுவிட்டு ஓடு.

வலது கையை உதறினாள். துணி கழலவில்லை. சுற்றிச் சுற்றி அவளேதான் இறுக்கியிருந்தாள். பிரிக்க நுனியைத் தேடினாள். நுனி பைக்குள் எங்கேயோ அடியில். கத்தரி இல்லை. கொண்டு வரவில்லை. பல்லால் கடித்தாள். வாயெல்லாம் அந்தத் தித்திப்பு. குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள்.

அப்போது துணி ஒரு வெட்டு வெட்டியது. தூண்டிலில் மீன் கொத்துவதைப் போல, லேசாக.

உள்ளே இருந்து.

கதவு தட்டும் சத்தம்.

"டாக்டரே, சாயா ஆறுது. மாமிக்கு எப்பிடி இருக்கு? சத்தமே இல்லியே. நான் உள்ள வரட்டா? வண்டி வேணும்னா இப்பமே விளிக்கேன், அடுத்த வீட்டுல வினோஜுக்க ஆட்டோ நிக்கு."

ஒரு வார்த்தை போதும். லிஜா கதவை உடைத்துக்கொண்டு வருவாள். ஆட்டோ வரும். கத்தரி வரும். ஆட்கள் வருவார்கள். பையைப் பார்ப்பார்கள். துணியைப் பார்ப்பார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை.

துணி விறைத்தது. சுபிதாவின் முட்டி கட்டில் சட்டத்தில் இடித்தது.

"வேண்டாம்," என்றாள். குரல், மேடத்தின் முன்னால் கேஸ் சொல்கிற குரலாகவே வந்தது. தெளிவாக. "எல்லாம் நார்மல். அம்மா நல்லாத் தூங்கறாங்க."

"அப்போ செரி டாக்டரே. உறங்கட்டு. ரெண்டு நாளா கண்ணே அடைக்கல்ல, பாவம்."

லிஜாவின் செருப்புச் சத்தம் அடுக்களைப் பக்கம் போய்த் தேய்ந்தது. சுபிதா இடது கையைத் தாழ்ப்பாளை நோக்கி நீட்டினாள். எட்டவில்லை. செல்போன் சரிந்து கவிழ்ந்தது. இருட்டில், அவள் வலது கையைப் பிடித்திருந்த துணி உள்நோக்கிப் போகத் தொடங்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, பிடி மாற்றி, மறுபடி கொஞ்சம் இழுத்து. கை மாற்றிக் கை.